ஒசாகாவில் 300 மீட்டர் உயரத்தில் நின்று அஸ்தமனம் பார்க்க

நம்ம ஊர்க்காரர்களுக்கு அஸ்தமனம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். மேற்கே கடல்மேல் மேகம் அடைத்து நின்றால் சூரியன் தண்ணீரைத் தொடும் முன்னே காணாமல் போய்விடும், அன்றைக்குக் கன்னியாகுமரிக்கு வண்டி எடுப்பது வீண் என்று நாகர்கோவிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜப்பானின் ஒசாகாவில் அபெனோ ஹருகாஸ் என்ற உயரக் கட்டடத்தில் ஏறப் போகிறவர்கள் இந்தப் புத்தியை மறந்துவிட்டு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆன்லைனில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அன்று மத்தியானம் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும்.

கட்டடம் 60 மாடி, 300 மீட்டர். நம் வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அப்படி ஏழு சிலையை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இதன் உச்சியை எட்டாது. 2014இல் முழுதாகத் திறந்தபோது ஜப்பானிலேயே உயரமான கட்டடம் இதுதான், 2023இல் டோக்கியோவில் 325 மீட்டரில் ஒன்று வந்து முந்திவிட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் கிடையாது, சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாற வேண்டும். கன்சாய் ஏர்போர்ட்டில் இறங்கி ஜேஆர் ரயிலில் டென்னோஜி வந்தால் எதிரேயே கட்டடம் நிற்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாமல் ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள்.

வழி தவறுவது இதற்கு அப்புறம்தான். கீழ் மாடிகள் முழுக்கக் கடைகள். நானும் அம்மையும் கடைக்கூட்டத்துக்குள் புகுந்து, கண்ணில் பட்ட லிஃப்டில் எல்லாம் ஏறி இறங்கி, அரை மணி நேரத்தைத் தொலைத்தோம். உச்சியில் நின்று ஊரைப் பார்க்கும் தளத்துக்கான லிஃப்ட் எது என்று பார்த்து முதலில் 16ஆம் மாடிக்குப் போங்கள். டிக்கெட் கவுன்டர் அங்கேதான், அங்கிருந்து வேறொரு லிஃப்ட் 60ஆம் மாடிக்கு முக்கால் நிமிடத்தில் கொண்டுபோய் விடும். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

நேரம்தான் முக்கியம். அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மேலே இருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், ஜூன் கடைசியில் ஏழே கால் ஆகும். பகல், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். 60ஆம் மாடி நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மேற்குப் பக்கம் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டு நகராதீர்கள், வானம் தெளிவாக இருந்தால் ஒசாகா விரிகுடாவுக்கு அப்பால் அகாஷி தொங்குபாலம்கூடத் தெரியும். பக்கத்தில் இருக்கும் 108 மீட்டர் சுடென்காகு கோபுரம் கீழே பென்சில் மாதிரி நிற்கும். ஓரிடத்தில் தரையிலும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கைப்பிடியை விடாமல் நடந்த அம்மை இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள், கேட்டால் "இது ஆடலியே மக்கா" என்றாள்.

இருட்டியபின் போட்டோ எடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகமும் உள்விளக்கும்தான் விழும். அதற்கு ஒரு துவர்த்து (துண்டு) கொண்டுபோங்கள். மொபைலைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் துவர்த்தால் மூடி எடுத்தால் நகரம் சுத்தமாக விழும். வெள்ளைத் துவர்த்து வேண்டாம், அதுவே கண்ணாடியில் தெரியும். கறுப்போ கருநீலமோ எடுங்கள்.

பிறகு எஸ்கலேட்டரில் 58ஆம் மாடிக்கு இறங்குங்கள். நடுவில் கூரையில்லாத மரத்தள முற்றம், பக்கத்தில் காபிக்கடை. குளிர்காலத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் அங்கே உட்கார முடியாது, நம் ஊர் மார்கழியை நினைத்து ஏமாறாதீர்கள். திரும்பும் லிஃப்ட் 59ஆம் மாடியில், நினைவுப்பொருள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், பிள்ளைகளோடு போகிறவர்கள் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வானம் மூடியிருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம். 16ஆம் மாடியிலேயே செடிகள் வைத்த திறந்த தோட்டம் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மேகம் விலகினால் மறுபடி வாருங்கள்.