பூனைத் தீவன டப்பாவில் ஸ்பிரிட் அடுப்பு: ஒரு நாள் புஷ்வாக்கிங் (காட்டு நடை) சமையலுக்கு

சிட்னிக்கு அருகிலுள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைகளில் காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிடும் நடைக்கு கேஸ் அடுப்பைச் சுமப்பது வீண். 85 கிராம் பூனைத் தீவன டப்பாவும் காகிதத்தில் ஒற்றை ஓட்டை போடும் பஞ்ச் கருவியும் போதும். டப்பாவில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, வேண்டாம். அலுமினியம்தான் சரி.

1. டப்பாவைச் சுற்றும் நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, நான்கு முறை பாதியாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக்கு ஒன்றாக 16 குறிகள் கிடைக்கும்.

2. விளிம்பை ஒட்டிக் கீழே 16 ஓட்டைகள். அதற்குக் கீழே, இடைவெளிகளுக்கு நேராக இன்னொரு 16. அதற்கும் கீழே போனால் ஸ்பிரிட் வழியும்.

3. கடையில் மெத்தோ என்று கேட்டு வாங்கும் ஸ்பிரிட்டை (மெத்திலேட்டட் ஸ்பிரிட், எரிசாராயம்) 30 மி.லி. ஊற்றுங்கள். அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அது போதும்.

பலருக்கும் அடுப்பு அணைவது அடுத்த கட்டத்தில்தான். பற்றவைத்ததும் பாத்திரத்தை வைத்தால் தீ மூச்சுமுட்டி அணைந்துவிடும். டப்பா சூடேறி ஸ்பிரிட் ஆவியானால்தான் பக்க ஓட்டைகளில் தீ வரும். அரை நிமிடம் பொறுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம். பிறகு டப்பாவின் மேலேயே பாத்திரத்தை வைக்கலாம். அகன்ற அடியுள்ள பாத்திரமே என் தேர்வு. ஒல்லியான மக்கில் பாதிச் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும்.

காற்றுத் தடுப்புக்கு அலுமினிய பேக்கிங் தட்டை வெட்டி, பாத்திரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்துங்கள். ஒட்டி வைத்தால் காற்று போகாது.

இதில் தீயைக் குறைக்க வழியில்லை, ரவையை மேலே வைத்துக் கிளறினால் அடிபிடிக்கும். வீட்டிலேயே 75 கிராம் ரவையை வறுத்து, தாளித்து, உப்புச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். கொதித்த 250 மி.லி. தண்ணீரை இறக்கி, ரவையைத் தூவிக் கிளறி மூடி, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஒருவருக்கான உப்புமா தயார்.

பின்சேர்க்கை: நான்கு பேருக்கு எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரிய பாத்திரம் இந்த டப்பாவில் கவிழும். இரண்டு அடுப்பு செய்யுங்கள், எடை ஒன்றும் ஏறாது.

வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் பாட்டில்வரை பற்றும். டப்பா கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகே மறுபடி ஊற்றுங்கள். யூகலிப்டஸ் சருகின் மேல் வேண்டவே வேண்டாம், வெறும் பாறைதான்.

முழுத் தீத்தடை (காட்டுத்தீ அபாயத்தால் வெளியில் தீ மூட்டத் தடை) அறிவித்த நாளில் இந்த அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும். அன்றைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீரும், ஊறினாலே போதுமான அவலும் எடுத்துப்போங்கள்.