காய்ச்சல் நோட்டு: வீட்டிலேயே பார்க்கலாமா, டாக்டரிடம் போகணுமா?

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், மதுரையில் வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், சில நாளில் தானே விட்டுவிடும். விடாத காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதலில் அளவு. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, சத்தம் வரும்வரை கையை இறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். 3 மாதம்கூட ஆகாத குழந்தைக்கு அப்படிக் காட்டினால் நோட்டெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்களும் நாள் கடத்தக் கூடாது.

அடுத்து, காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி நாளை எண்ணுங்கள். மூன்றாம் நாளும் அடித்தால் டாக்டரைப் பார்த்து, ரத்தம் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரம் இடைவெளி. குழந்தைக்கு எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெடிக்கலில் உடம்புவலிக்கு என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நிலவேம்புக் கசாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் நாள் எண்ணுவதை நிறுத்த வேண்டாம்.

சிறுநீர் போன நேரத்தையும் குறியுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் உடம்பில் தண்ணீர் குறைகிறது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவுவது எங்கள் அத்தையின் முறை, பின்பற்றாதீர்கள்.

இப்போது நான் கோட்டைவிட்ட இடம். அப்பாவுக்கு நாலாம் நாள் காலை 98.4. அப்பாடா என்று நோட்டை மூடிவிட்டேன். அவர் இட்லியைத் தொடவில்லை, வயிறு வலிக்கிறது என்றார், இரண்டு தடவை வாந்தி. காய்ச்சல் விட்ட அசதி என்று நினைத்தோம். சாயங்காலம் கை கால் ஜில்லிட்டுப் போனது. ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டெங்கு.

டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், ரத்த அழுத்தம் விழும். இது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதனால் காய்ச்சல் இறங்கிய பிறகும் இரண்டு நாள் எழுதுங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், தூங்கி வழிவது, காரணமில்லாத தவிப்பு, சில்லென்ற கை கால் – இதில் ஒன்று இருந்தாலும் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வயல்வேலை செய்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் பீடி சுட்டது போல வலிக்காத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா? உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எல்லோருக்கும் பொருக்கு வராது. வந்திருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள், சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, உளறல், கழுத்து விறைப்பு, உதடு நீலமாவது: இதற்கெல்லாம் 108. அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

சரி, டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை சார்" என்றால் அவர் என்னதான் செய்வார்?