பயத்லான்: சுடுதளத்தில் செய்யக் கூடாத தவறுகள்

பயத்லான் வீரர் குறைந்தது மூன்றரை கிலோ எடையுள்ள ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டு பனிச்சறுக்குப் பாதையில் ஓடுவார். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை சுடுதளத்துக்குள் வந்து, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து வட்டங்களை ஐந்து தோட்டாக்களால் வீழ்த்த வேண்டும். படுத்துச் சுடும்போது வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். பெரும்பாலான பந்தயங்களில் குறி தவறிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். ‘இண்டிவிஜுவல்’ எனப்படும் நீண்ட தனிநபர் பந்தயத்தில் சுற்றுக்குப் பதிலாக நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டிவிடுவார்கள்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவதைத் தனியாகவும் சுடுவதைத் தனியாகவும் பழகுகிறார்கள். இரண்டையும் பந்தயத்தன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர். 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் இந்த விளையாட்டு முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது மிக வேகமாகச் சறுக்கியவர் பிரான்ஸின் விக்டர் ஆர்பே. ஆனால் 20 குண்டுகளில் 18 தவறின. தங்கம் வென்ற ஸ்வீடனின் கிளாஸ் லெஸ்டாண்டர், சறுக்கிய நேரத்தை மட்டும் எடுத்தால் 15ஆவது இடத்தில்தான் இருந்தார். அவர் சுட்ட 20 குண்டுகளும் இலக்கில் விழுந்திருந்தன. இதைக் கேட்டுவிட்டு, குறி மட்டும் தப்பாமல் இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் 20 கிலோமீட்டர் போட்டியில் ஒன்றுகூடத் தவறவிடாத ஸ்லோவேனியாவின் யாகோவ் ஃபாக்குக்கு வெள்ளிதான் கிடைத்தது. இரண்டு குண்டுகளைத் தவறவிட்ட நார்வேயின் யோஹான்னஸ் திங்னஸ் போ தன் கால் வேகத்தால் தங்கத்தை எடுத்துக்கொண்டார்.

சுடுதளத்து விரிப்பில் வந்து நின்ற பிறகுதான் சுடும் வேலை தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கடைசி நூறு, இருநூறு மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏற்றத்தில் இதயம் நிமிடத்துக்கு 180 முறைக்கு மேல் துடிக்கும். அந்த வேகத்திலேயே உள்ளே பாய்ந்தால் குறிமுனை இலக்கைச் சுற்றி அலைபாயும். அனுபவசாலிகள் சுடுதளம் நெருங்கும்போதே வேகத்தைத் தளர்த்தி, மூச்சை ஆழமாக்கி, கொடிகளைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணித்துக்கொண்டே வருவார்கள். துடிப்பு முழுக்க அடங்கட்டும் என்று விரிப்பில் காத்துக் கிடப்பதும் தவறுதான். நேரம் போகும், விரல் விறைக்கும், நின்று சுடும்போது கால் நடுங்கத் தொடங்கும். துடிக்கிற இதயத்தோடு சுடப் பழகுவதுதான் இந்த விளையாட்டு.

படுத்ததும் துப்பாக்கியைக் கைவலிமையால் இலக்கின் பக்கம் இழுத்துப் பிடிப்பது இன்னொரு பழக்கம். தசை தளர்ந்த நொடியே முனை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. படுத்துக் குறிபார்த்து, கண்ணை மூடி, ஒருமுறை மூச்சை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால் கையைத் திருப்பாதீர்கள். இடுப்பை நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், பந்தயத்தில் உடம்பு தானாகவே சரியான கோணத்தில் விழும். தோட்டா இல்லாமல் வீட்டிலேயே இதைப் பழகலாம். அது சலிப்பூட்டும் என்று தவிர்ப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். முன்னணி வீரர்களே தோட்டா இல்லாத பயிற்சியில் நெடுநேரம் செலவிடுகிறார்கள்.

விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அரை கிலோ அழுத்தம் போதும் என்பதால் பதற்றத்தில் விரல் முந்திக்கொள்ளும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தி, குண்டு போன பிறகும் ஒரு கணம் குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

கடைசிக் குண்டு தனிக் கதை. குண்டு பட்டு நான்கு வட்டங்கள் வெள்ளையாகிவிட்டால் மனம் ஐந்தாவதை விட்டுவிட்டு வெளியே ஓடத் தயாராகிவிடும். அதே பியோங்சாங் போட்டியில் பிரான்ஸின் மார்ட்டின் ஃபூர்காட், முதல் 18 குண்டுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் முன்னணியில் இருந்தார். கடைசி இரண்டும் தவறின. இரண்டு நிமிடம் கூடியது. ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். அன்று அவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் காலத்தின் தலைசிறந்த வீரருக்கே நடந்தது என்றால், ஐந்தாவது குண்டையும் முதல் குண்டின் அதே தாளத்தில் சுடப் பழகுவது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

காற்றைப் பொறுத்தவரை, பந்தயத்துக்கு முன் காகித இலக்கில் சுட்டுக் குறியைச் சரிசெய்துகொண்டதோடு நின்றுவிடுவது தவறு. அப்போதிருந்த காற்று ஒரு மணி நேரம் கழித்து இருக்காது. கொடி மாறியிருந்தால் குறிகாட்டியின் திருகை இத்தனை கிளிக் என்று எண்ணித் திருப்ப வேண்டும். சுட்டு முடித்ததும் அதே எண்ணிக்கையில் திரும்பக் கொண்டுவர மறந்தால், அடுத்த முறை ஐந்து குண்டுகளும் ஒரே பக்கமாக விலகும். பக்கத்துத் தடத்தின் இலக்கைச் சுடுவதும் நடக்கிறது. அது எவ்வளவு துல்லியமாகப் பட்டாலும் தவறிய குண்டுதான். தட எண்ணைப் பார்த்துவிட்டுக் குறிவையுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் சமாதானமே கிடையாது. இரண்டு ஊன்றுகோல்களையும் கீழே வைத்த பிறகே துப்பாக்கியை முதுகிலிருந்து எடுக்க வேண்டும். குழலுக்குள் தோட்டாவோடு சறுக்கக் கூடவே கூடாது. வழியில் விழுந்தால் குழல் முனையில் பனி அடைத்திருக்கிறதா என்று சுடுவதற்கு முன் பாருங்கள். இதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காது.

எண்ணிக்கைப் பிழைகளும் உண்டு. தண்டனைச் சுற்றில் ஒன்று குறைந்தால் இரண்டு நிமிடம் கூடும். அந்தச் சுற்றை ஓட அரை நிமிடம்கூடப் பலருக்கு ஆகாது. ரிலேயில் ஒவ்வொரு சுடுதலுக்கும் மூன்று உபரித் தோட்டாக்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். விறைத்த விரலில் அவை நழுவி விழுவதால், கையுறையோடு தோட்டா போடும் பயிற்சி தனியாகவே வேண்டும். இலக்கு மிச்சம் இருக்கும்போது உபரித் தோட்டாவைச் சுடாமல் கிளம்பினாலும் இரண்டு நிமிடத் தண்டனைதான்.