பழைய பிசிக்கு புது கிராஃபிக்ஸ் கார்டா, இல்ல பிசியையே மாத்திடலாமா?

பழைய டெஸ்க்டாப்ல கேம் திக்குதுன்னதும் எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்"னுதான், ஆனா அத கடைசியா கேக்கணும். கார்டு எங்கயும் ஓடிப் போயிடாது, அத உங்க பெட்டி தாங்குமாங்கறதுதான் விஷயம், அதனால சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர் கம்ப்யூட்டர் கடைங்க பக்கம் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே கொஞ்சம் நோண்டிப் பாத்துடுங்க.

உண்மையிலயே கார்டுதான் இழுக்குதான்னு பாருங்க. கார்டு எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அத போட்டுட்டு வி-சிங்க்க (திரை வேகத்துக்கு மேல கேம ஓட விடாத ஆப்ஷன்) ஆஃப் பண்ணி நீங்க வழக்கமா ஆடற கேம ஓட்டுங்க. ஜிபியு (கார்டுல இருக்கற சிப்) யூசேஜ் 95 சதவீதத்துக்கு மேலயே நிக்குதுன்னா கார்டுக்கு மூச்சு முட்டுது, மாத்தினா பலன் இருக்கு. 60, 70லயே சுத்திக்கிட்டு கேம் மட்டும் திக்குதுன்னா ப்ராசஸரோ ராமோதான் பிரச்சனை. சந்தேகமா இருந்தா ரெசல்யூஷன 1080லேருந்து 720க்கு இறக்கிப் பாருங்க, எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற படங்க) ஏறவே இல்லன்னா எவ்ளோ காசு கொட்டி கார்டு போட்டாலும் அதே கதைதான். தூசியையும் ஒரு தடவ தட்டி எடுங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு அது ஃபேன்ல அப்பிக்கிட்டு, சூடு ஏறி கார்டே தன் வேகத்த குறைச்சுக்கும்.

அடுத்து ப்ராசஸர் வயசு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல 8வது தலைமுறை, ஏஎம்டில ரைசன் 2000 வரிசை, அதுக்கு மேல இருந்தாதான் ஆகும். ஐ5-7500 மாதிரி 7வது தலைமுறை மெஷின்ல நல்ல காசு போட்டு புது கார்டு போடறது எனக்கு சரியா படல. ரைசன்காரங்களுக்கு மட்டும் ஒரு சந்து இருக்கு: பி450 மாதிரி ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டுன்னா பயாஸ (போர்டோட உள் சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5 5600 தூக்கிப் போட்டுக்கலாம், ராம் போர்டு எதுவும் மாத்த வேணாம்.

இப்ப பெட்டிய தொறங்க. பவர் சப்ளைல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர படிங்க, மேல பெருசா 500 வாட்ஸ்னு போட்டிருக்கும், அத நம்பிடாதீங்க, கீழ +12வி கட்டத்துல எத்தன ஆம்ப்ஸ்னு பாத்து 12ஆல பெருக்குங்க, அதுதான் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேத்து கிடைக்கறது. அப்புறம் கார்டுக்கு மாட்டற 6 பின், 8 பின் வயர் சும்மா தொங்குதான்னு பாருங்க. மதர்போர்டு ஸ்லாட் மட்டும் 75 வாட்ஸ் வரைக்கும் குடுக்கும், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. வயரே இல்லன்னா ஸ்லாட் கரண்ட்லயே ஓடற கார்டுதான் வழி, ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி 70 வாட்ஸ்தான், பெரும்பாலும் தனி வயர் கேக்காது.

ஆஃபீஸ்லேருந்து கழிச்சு விட்ட டெல், எச்பி பெட்டிய மலிவா வாங்கி வச்சிருக்கறவங்க இங்க நிறைய பேரு, அவங்க ரொம்ப கவனமா இருக்கணும். பல மாடல்ல பவர் சப்ளை கனெக்டரே அவங்க சொந்த டிசைன், கடையில விக்கற சாதாரண சப்ளை அப்படியே மாட்டாது. ஒல்லி பெட்டின்னா பாதி உயர கார்டுதான் நுழையும், அதுல சாய்ஸ் கம்மி. ஆர்எக்ஸ் 6400 சின்னதா அழகா இருக்கேன்னு ஆசப்படாதீங்க, அது 4 லேன்லதான் (டேட்டா போற பாதை) பேசும், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் இருக்கற போர்டுல போட்டா அந்த வழியும் பாதியா சுருங்கிடும். இன்டெல் ஆர்க் கார்டும் ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரே நேரத்துல எட்ட விடற வசதி) இல்லாத போர்டுல சோந்து போயிடும்.

செகண்ட்ஹேண்டா? பழைய சாமான் விக்கற கரோசல் ஆப்ல ஜிடிஎக்ஸ் 1060, 1070 எல்லாம் ஆசைய கிளப்பற விலைக்கு வரும். ஆனா அந்த வரிசைக்கு என்விடியா புது கேம் டிரைவர (கார்ட விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர்) 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு, இனிமே செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரைக்கும். பழைய கேம் மட்டும் ஆடறவங்களுக்கு அது ஓகே. எதுனாலும் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கேட்ல கைமாத்திக்கலாம் வாங்கன்னு சொன்னா வேணாம்னுடுங்க, அங்க எந்த ப்ளக்ல குத்தி டெஸ்ட் பண்றது? அவங்க வீட்டுக்கே போயி கால் மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, திரையில புள்ளி கோடு வருதா, ஃபேன் கரகரங்குதான்னு பாருங்க, முடிஞ்சா ஸ்க்ரூ, பிராக்கெட்டுல துரு இருக்கான்னும் ஒரு நோட்டம்.

இப்ப கணக்கு. கார்டு, அதுக்காக மாத்த வேண்டி வர்ற பவர் சப்ளை, ரெண்டும் சேந்து அதே வேகத்துல ஓடற செகண்ட்ஹேண்ட் முழு பிசி விலையில பாதிய தாண்டுச்சுன்னா நான் கார்ட விட்டுட்டு பிசியதான் வாங்குவேன். ஒரே ஒரு விதிவிலக்கு, அந்த கார்ட நாளைக்கு புது பெட்டிக்கு கழட்டி மாட்டப் போறீங்கன்னா கொஞ்சம் கூட போனாலும் பரவால்ல, ஆனா அப்படி வாங்கறதுன்னா கார்டு மெமரி 8ஜிபிக்கு கம்மியா வாங்காதீங்க. ஏஐ டேட்டா சென்டருங்க அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில ராம் விலை கன்னாபின்னான்னு ஏறிடுச்சு, டிடிஆர்5 போட்டு புதுசா கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ விலை விசாரிச்சுக்குங்க, கைல 16ஜிபி டிடிஆர்4 இருந்தா அத சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க.

கார்டுதான்னு முடிவாச்சுன்னா, பழைய டிரைவர டிடியுங்கற டிரைவர் அழிக்கற சாஃப்ட்வேர் வச்சு சுத்தமா எடுத்துட்டு பெட்டிய ஆஃப் பண்ணி மாட்டுங்க, அப்புறம் மானிட்டர் வயர புது கார்டுல குத்துங்க, மேல மதர்போர்டுல இருக்கற ஓட்டையில இல்ல. சிரிக்காதீங்க, "புது கார்டு போட்டும் அப்படியேதான் இருக்கு"ன்னு வர்ற போன்ல நெறைய இதுதான்.