துணி அலமாரிக்கு ஒரு செக்கிங் டேபிள்

கரூரில் 26 வருடம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பெட்ஷீட், தலையணை உறை, சமையலறைத் துண்டு, மேஜை விரிப்பு என்று லட்சக்கணக்கில் என் கை வழியாகப் போயிருக்கும். ஆனால் என் வீட்டு அலமாரியை ஒரு நாளும் நான் செக் செய்ததில்லை. அது போன வைகாசியில் வெளியே வந்துவிட்டது.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நட்ட கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும் நாளுக்காக மனைவியின் அக்கா குடும்பம் நாமக்கல்லில் இருந்து வந்திருந்தது. ஏழு பேர். ஊர்வலம் பார்த்துவிட்டு வீடு திரும்பப் பதினொரு மணி ஆகிவிட்டது. பாய் விரிக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் மேல்தட்டுத் துணி மொத்தமும் என் தலையில். டபுள் என்று நினைத்துப் பிரித்தது சிங்கிள். அடுத்ததில் பூஞ்சை வாடை. கடைசியில் சகலை படுத்தது கிறிஸ்துமஸ் மணி அச்சடித்த மேஜை விரிப்பில். காலையில் அதை மடித்துக் கொடுத்துவிட்டு, "ஏன் சகலை, இது உங்க கம்பெனிச் சரக்கா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்று டிபன் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறே உட்கார்ந்துவிட்டேன். அன்று செய்ததையும், செய்து தப்பானதையும் சொல்கிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை, வெயில் பார்க்கச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். வெளியே எடுத்த துணி மழை ஈரத்தைக் குடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போகும். மாசியில் இருந்து வைகாசி வரை ஏதாவது ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மாலைக்குள் முடியும். ஹாலில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, அலமாரி, பீரோவின் அடித்தட்டு, பரண், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி என்று எல்லா இடத்துத் துணியையும் அதில் கொட்டுங்கள். ஒரு தட்டை மட்டும் எடுத்து அடுக்கினால் பிரயோசனம் இல்லை. அதே துணி இன்னொரு தட்டுக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

கொட்டியதும் எண்ணுங்கள். தூக்கிப்போடும் யோசனையே அப்போது வேண்டாம், எண்ணி ஒரு தாளில் எழுதினால் போதும். எங்கள் வீட்டுக் கணக்கு இது: பெட்ஷீட் 31. தலையணை ஏழு, அதற்கு உறை 44. குளியல் துண்டு 27. சமையலறைத் துண்டு இரண்டு டஜன். டேபிள் ரன்னர், அதாவது மேஜை நடுவில் நீளவாக்கில் போடும் துணி, 9. நாப்கின் மூன்று டஜன். அடுப்பில் இருந்து சூடாக எடுக்கப் போட்டுக்கொள்ளும் பஞ்சு வைத்த கையுறை, ஐந்து, ஐந்துமே வலது கை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையே கிடையாது, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். கரூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் முடிந்ததும் செகண்ட்ஸ் சரக்கை, அதாவது சின்னக் குறையால் ஏற்றுமதிக்குத் தேறாததை, கம்பெனியில் எடைக்குப் போடுவார்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருவோம். வாங்கும்போது அது லாபம். வீட்டுக்குள் வந்த பிறகு அதற்கு நாம் வாடகை வாங்காமல் இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது செக்கிங். கம்பெனியில் துணியை மூன்றாகப் பிரிப்போம்: பாஸ், ஆல்டர், ரிஜெக்ட். வீட்டுக்கும் இதுவே போதும். பாஸ் என்றால் அப்படியே அலமாரிக்கு. ஆல்டர் என்றால் கொஞ்சம் தையலோ வெட்டலோ போட்டால் தேறும். ரிஜெக்ட் என்றால் வெளியே.

பெட்ஷீட்டை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பேர் ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஓரத்தைப் பார்த்தால் எல்லா ஷீட்டும் புதுசாகத்தான் தெரியும். நடுவைப் பாருங்கள். இடுப்பும் தோளும் படுகிற இடம் முதலில் தேயும். வெளிச்சம் அங்கே மட்டும் கொசுவலையில் வருவது போல வந்தால் அந்த ஷீட்டுக்கு வயசாகிவிட்டது. அப்புறம் அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தி, மெதுவாக விலக்குங்கள். நல்ல துணி கொஞ்சம் இழுபட்டுத் திரும்பி வரும். நைந்த துணியில் நூல் ஒவ்வொன்றாக விடும், காதைக் கொடுத்தால் சின்னதாக 'சிர்ர்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் ரிஜெக்ட். அதை அலமாரியில் வைத்தால் விருந்தாளி படுத்த அன்றைக்குத்தான் கிழியும்.

நடு தேய்ந்த டபுள் ஷீட்டின் இரண்டு ஓரமும் கெட்டியாக இருக்கும். அதை வெட்டினால் மூன்று தலையணை உறை வரும். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே 44 உறை இருந்தால் தைக்க வேண்டாம். நான் தைக்கக் கொடுத்தேன், புத்தி இல்லாமல்.

துண்டுக்கு வேறு சோதனை. உள்ளங்கையில் தண்ணீர் விட்டு, அதன் மேல் துண்டை வையுங்கள். உறிஞ்சாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் துவைக்கும்போது ஊற்றும் கம்ஃபர்ட் வகையறாவின் வேலை. அது நூலின் மேல் மெழுகு போலப் படிந்துவிடும். அது இல்லாமல் வெந்நீரில் இரண்டு முறை அலசினால் பல துண்டுகள் பிழைத்துக்கொள்ளும். சந்தடி சாக்கில் ஒன்று: ஹோட்டலில் கிடைப்பது போன்ற தடித்த டர்க்கி டவல் நம் மழைக்காலத்துக்கு ஆகாது. இரண்டு நாள் ஆனாலும் காயாது, மூன்றாம் நாள் நாறும். ஈரிழைத் துண்டு மின்விசிறிக் காற்றிலேயே காயும். நான் 27-இல் டர்க்கி டவல் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன், அதுவும் மருமகனுக்காக.

எத்தனை வைத்துக்கொள்வது? கட்டில் ஒன்றுக்கு மூன்று ஷீட். ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்க, ஒன்று அலமாரியில். மழைக்காலத்துக்காக ஒன்று கூடுதல், வீட்டுக்கு ஒன்று போதும், கட்டிலுக்கு ஒன்று வேண்டாம். இதோடு, பாயில் படுக்கும் விருந்தாளிகளுக்குச் சிங்கிள் ஷீட் ஆறு. எங்களுக்கு ஒரு டபுள் கட்டில், ஒரு சிங்கிள் கட்டில். ஆக டபுள் நான்கு, சிங்கிள் ஒன்பது, மொத்தம் 13. பதினெட்டு ஷீட் வெளியே போக வேண்டும் என்று கணக்கு சொன்னது.

இங்கேதான் வீட்டில் சத்தம் வந்தது. "ஏனுங்க, அது எங்கம்மா சென்னிமலையில எடுத்துக் குடுத்ததுங்க" என்று மனைவி ஒரு ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். கட்டம் போட்ட கைத்தறி, கல்யாணத்துக்கு வந்தது, நடுவில் ஜன்னலே தெரிகிறது. நான் கட்டைவிரல் சோதனை செய்ய விடவில்லை அவள். இதுபோன்ற துணிகளுக்கு என் சட்டம் இதுதான்: ஆளுக்கு இரண்டு. அந்த இரண்டுக்குக் கணக்கும் கிடையாது, சோதனையும் கிடையாது. ஆனால் துவைத்து, நன்றாகக் காயவைத்து, தனி வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைக்க வேண்டும், புழங்கும் துணியோடு கலக்கக் கூடாது. என்னுடைய இரண்டில் ஒன்று அப்பாவின் கம்பளி. இன்னொரு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அளவு தெரியாத ஷீட் ஐந்து இருந்தது. செகண்ட்ஸ் சரக்கில் லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்பார்கள், அதனால் இந்தத் தொல்லை. டேப் எடுத்து அளந்து விடுங்கள். சிங்கிள் சுமார் 60-க்கு 90 அங்குலம். டபுள் 90-க்கு 108, சில கம்பெனியில் 90-க்கு 100. கிங் என்று விற்பது 108-க்கு 108. அளந்ததும் குறி போடுங்கள். முன்பெல்லாம் சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாறில் குறி போடுவார்கள், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. நமக்கு ஊசியும் நூலும் போதும். ஷீட்டின் ஒரு மூலையில், மடித்துத் தைத்த ஓரத்தின் மேல், சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டால் டபுள். நீல நூலால் ஒரே ஒரு தையல் என்றால் சிங்கிள். நூலை இரட்டையாகக் கோத்து, மூன்று தையலும் ஒரு நெல் நீளத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் விழும்படி போடுங்கள், இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். மடிக்கும்போது அந்த மூலை வெளியே வர வேண்டும். இந்த ஒரு வேலைக்கே எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் உதவுகிறது.

அலமாரியைக் கழுவித் துடைக்கும்போதுதான் பூஞ்சை வாடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. எங்களுடையது சுவரில் கட்டிய சிமென்ட் செல்ஃப். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. கீழ்த்தட்டின் பின்சுவரில் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். ஓதம் இருந்தால் அந்தத் தட்டில் துணி வேண்டாம், பாத்திரமோ வாளியோ வைத்துக்கொள்ளலாம். மற்ற தட்டுகளிலும் பின்சுவருக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். தட்டில் செய்தித்தாள் விரிப்பது வழக்கம், ஆனால் வெள்ளைத் துணிக்கு அது ஆகாது, மை ஒட்டும். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து விரித்தால் போதும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே புது ஷீட்டை வருடக்கணக்கில் வைப்பதும் தப்பு. ஈரம் வெளியே போகாமல் மடிப்பில் பழுப்புக் கோடு விழும்.

ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். அதனால் நாள்கணக்கில் உள்ளே இருக்கப்போகும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள். பாச்சை உருண்டையை நான் விட்டுவிட்டேன். பேரனுக்குத் துணி எடுக்கும் அலமாரி அது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் நெடி பட்ட துணியாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். காய்ந்த வேப்பிலையும் தட்டிய வசம்பும் சின்ன மூட்டையாகக் கட்டி வைக்கிறோம். இலையை அப்படியே துணிக்கு நடுவில் போட்டால் கறை படியும், மூட்டையாகத்தான் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மடிப்பு. செல்ஃபின் ஆழத்தை அளந்துகொண்டு அதற்குத் தகுந்தபடி மடிக்க வேண்டும், கைக்கு வந்தபடி மடித்தால் அடுக்கு சாயும். எங்கள் செல்ஃப் ஆழம் 18 அங்குலம், இரண்டு விரல் இடம் போக 16. அதனால் எல்லாமே 15 அங்குலம். டபுள் ஷீட்டின் 108-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 27. அடுத்து 90-ஐப் பாதியாக்கி 45, அதை மூன்றாக மடித்தால் 15. கடைசியில் அந்த 27-ஐ ஒரு முறை பாதியாக்குங்கள். பதினைந்துக்குப் பதின்மூன்றரை வரும். சிங்கிளில் 60-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் 15, 90-ஐப் பாதியாக்கி மூன்றாக்கினால் அதுவும் 15. குளியல் துண்டு 30-க்கு 60 என்றால் தானாகவே 15-க்கு 15 வந்துவிடும். மடிப்பின் முதுகு உங்களைப் பார்த்து இருக்க வேண்டும், பிரி பிரியாக இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கட்டும். அப்போதுதான் ஒன்றை உருவினால் இன்னொன்று வராது. சேரும் தலையணை உறைகளை அந்த ஷீட்டின் கடைசி மடிப்புக்குள் செருகிவிடுங்கள். துவைத்து வந்தது அடியில் போகட்டும், எடுப்பது மேலிருந்து. இல்லையென்றால் மேலே இருக்கும் இரண்டே ஷீட் தேய்ந்துகொண்டே இருக்கும். ஜமக்காளத்தை மட்டும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பவானி ஜமக்காளம் கனம், ஒரே இடத்தில் மடித்துக்கொண்டே இருந்தால் மடிப்பில் நூல் விடும்.

வெளியே போன துணிகள்: நைந்த ஷீட் ஏழில் மிக மெல்லியதை மகள் குழந்தைக்குத் துணி கிழிக்க எடுத்துக்கொண்டாள், பழந்துணியை விட மென்மை வேறு எதிலும் இல்லை. ஒன்று வடகம் காயப்போட. மீதி, தெருமுனை லேத் பட்டறைக்கு எண்ணெய் துடைக்க. அங்கே நைலான் கலந்த துணி வேண்டாம் என்றார்கள், உறிஞ்சாதாம். நல்ல ஷீட் பதினொன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தோம். கொடுக்கும் முன் போன் செய்து எந்த அளவு வேண்டும் என்று கேளுங்கள், அங்கே எல்லாமே சிங்கிள் கட்டில்தான். நாப்கின்களில் ஒரு டஜன் சப்பாத்தி டப்பாவுக்கும் இட்லித் தட்டுக்கும் போனது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தபோது பத்துச் சமையலறைத் துண்டைக் காட்டினேன், ஒரு எவர்சில்வர் கிண்ணம் தந்தார். மனைவிக்கு அதில் ரொம்பத் திருப்தி.

போன மாதம் சகலை மறுபடி வந்தார். கரண்ட் இல்லாத நேரம். உள்ளே போய் மூலையைத் தடவிப் பார்த்து நீலத் தையல் ஷீட் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, பாயில் விரித்துப் படுத்துவிட்டார். காலையில் கிளம்பும்போது டேபிள் ரன்னர் இரண்டைப் பையில் வைத்துக் கொடுத்தேன். டிவி ஸ்டாண்டில் போடுவாராம். இன்னும் ஏழு இருக்கிறது.