போல்ட் பொருந்தினால் வோட்டர் பம்ப் பொருந்திவிடுமா? பழைய காரில் வேறு என்ஜின் ஏற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து இரண்டு தம்பிகள் ஒரு மொறிஸ் மைனரை லொறியில் ஏற்றி என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். காரோடு வந்த 1098 சிசி என்ஜினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிய 1500 சிசி என்ஜின் ஒன்றை உட்கார வைத்திருந்தார்கள். வேலை படு சுத்தம். வெல்டிங் தழும்புகூடத் தெரியவில்லை. "அண்ணா, ஊருக்குள் ஓடினால் ஒரு குறையும் இல்லை. நிலாவெளி வீதியில் கொஞ்சம் விரட்டினால் சூட்டு முள் ஏறுகிறது" என்றான் மூத்தவன். பொனற்றைத் திறந்து பெல்ட் போகும் வழியைப் பார்த்தேன். 11 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே முட்டாள்தனம் அங்கே புத்தம் புதிய பெல்ட்டோடு நின்றது.

காஸ்கெட்டை ஒழுங்காக வையுங்கள், ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர் என்ஜின் மாற்ற இறங்கியிருக்கமாட்டார்.

எந்தப் பக்கம் சுற்றுகிறது?

அன்று என் மைனருக்காக என்னிடம் வந்த என்ஜினில் அகலமான, பள்ளங்கள் கொண்ட ஒற்றை பெல்ட் இருந்தது. ஏசி கொம்பிரசர், பவர் ஸ்டியரிங் பம்ப், ஆல்டர்னேற்றர், என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வோட்டர் பம்ப் எல்லாவற்றையும் பாம்பு போல வளைந்து வளைந்து அந்த ஒரே பெல்ட் சுழற்றியது. மைனருக்கு ஏசி எதற்கு, பவர் ஸ்டியரிங் எதற்கு? இரண்டையும் கழற்றி எறிந்தேன். என்ஜினின் பிரதான தண்டான கிராங்கின் புல்லி, பம்ப் புல்லி, ஆல்டர்னேற்றர் மூன்றையும் சுற்றி ஒரு சாதாரண வீ பெல்ட் மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் பொனற்றைத் திறந்து காட்டினேன்.

பழைய ஏற்பாட்டில் அந்த வோட்டர் பம்பைச் சுழற்றியது பெல்ட்டின் முதுகுப் பக்கம். முதுகால் சுழற்றப்படும் புல்லி கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும். பெல்ட்டின் வயிற்றுக்குள் இருக்கும் புல்லிகள் எல்லாம் கிராங்க் சுற்றும் பக்கமே சுற்றும். நான் வீ பெல்ட் மாட்டிய நொடியிலிருந்து பம்ப் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. போல்ட்கள் பொருந்தின, ஒரு சொட்டுக் கசிவு இல்லை, பேரிங் சத்தம் இல்லை.

இதில் எரிச்சலூட்டுவது, பம்ப் வேலை செய்வதுபோல நடிப்பதுதான். எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீரும் எதிர்ப்பக்கம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நனைந்த குடையை எந்தப் பக்கம் சுழற்றினாலும் துளிகள் வெளியேதான் தெறிக்கும். இந்தப் பம்பும் நடுவில் நீரை வாங்கி ஓரத்துக்கு வீசும் சாதனம்தான். வளைந்த இதழ்கள் தலைகீழாகச் சுற்றும்போது வீச்சு மெலிந்துவிடும், அவ்வளவுதான். மூன்று ஃபேஸ் தண்ணீர் மோட்டாரில் இரண்டு வயர்களை மாற்றிக் கட்டிவிட்டு, "தண்ணீர் வருகிறது, ஆனால் வேகம் இல்லை" என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை.

மெலிந்த வீச்சு நின்றபடி ஓடும் என்ஜினுக்குத் தாராளமாகப் போதும். 1948-இல் வந்த முதல் மைனர்களின் 918 சிசி என்ஜினில் வோட்டர் பம்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலேறி, ரேடியேற்றரில் ஆறிக் கீழிறங்கிச் சுற்றி வந்தது. ஆகவே கொட்டகையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, முள் நடுவில் நிற்கிறது என்று மகிழ்வது சோதனை ஆகாது. நான்கு பேரை ஏற்றி, மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் விடாமல் ஓடும்போதுதான் பம்பின் உண்மை நிறம் தெரியும்.

எனக்குத் தெரிந்தது கந்தளாய் தாண்டி. அதற்கு முன் பெரிய ரேடியேற்றர் வாங்கியாயிற்று, நீர் சூடானதும் திறந்து ரேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்டாற்றை இரண்டு தடவை மாற்றியாயிற்று. அந்த ரேடியேற்றர் விலையில் நான்கு பம்ப் வாங்கியிருக்கலாம். மனைவியையும் மாமா மாமியையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டேன். ஹபரணைக் காட்டு வீதியில் முள் மேலே போனது, போனது, பிறகு திடீரென்று கீழே விழுந்தது. "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். முள் இறங்கியதற்குக் காரணம், சூட்டை அளக்கும் உணரியைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போனது. இரண்டு நிமிடத்தில் ஹெட் காஸ்கெட் போய்விட்டது. யானை கடக்கும் இடம், மாலை நேரம். நெல் மூட்டை ஏற்றிவந்த லொறி ஒன்று கட்டி இழுத்துக்கொண்டுவரும் வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

பிழையைக் கண்டுபிடித்தவர் உவர்மலையில் இருந்த ஒரு பழைய மெக்கானிக். பம்பை உள்ளங்கையில் வைத்து, இதழ்களைப் பார்த்து, "இது எந்தப் பக்கம் சுற்றுகிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வாங்கும்முன் நீங்களும் அதையே கேளுங்கள். இதழ்கள் வளைந்திருந்தால், புடைத்த பக்கம் நீரைத் தள்ளிக்கொண்டு முன்னே போக வேண்டும், நுனிகள் பின்தங்கி வர வேண்டும். குழிந்த பக்கம் அகப்பைபோல நீரை அள்ளினால் பம்ப் தவறு, அல்லது பெல்ட் வழி தவறு. நேர் இதழ் உள்ள பம்புகள் இவ்வளவு கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் வெளிக்கூட்டின் சுருள் ஒரு திசைக்கென்றே வார்க்கப்பட்டிருக்கும் என்பதால் அங்கும் இழப்பு உண்டு. கிராங்க் எல்லா என்ஜினிலும் முன்னிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத்தான் சுற்றும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய ஹொண்டா என்ஜின்கள் பல இடஞ்சுழி. அமெரிக்க வீ8 என்ஜின்களில் ஒரே மாதிரி என்ஜினுக்கே இரு திசைப் பம்புகளும் உண்டு. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கடைக்காரர் மேசையில் வைக்கும் இரண்டு பம்புகளும் வெளியே அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கவிழ்த்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

மூக்கின் நீளம்

பம்ப் புல்லியின் முகம் பிளொக்கிலிருந்து எவ்வளவு முன்னே நிற்கிறது என்பதை அளக்காமல் வாங்கினால் இரண்டு தொல்லைகள். கிராங்க் புல்லியோடு நேர்கோட்டில் நிற்காத பெல்ட் தன்னையும் தின்று பேரிங்கையும் தின்னும். மற்றது, பம்பில் பூட்டிய விசிறி. ரப்பர் மவுண்டில் தொங்கும் என்ஜின், பிரேக் போடும்போது முன்னே சாயும். நிற்கும்போது விரல் நுழைகிறதே என்று விட்டுவிட்டால், ஒரு நாய் குறுக்கே ஓடிய நாளில் விசிறி ரேடியேற்றரைக் கிழித்துவிடும். ஓர் அங்குல இடைவெளியாவது இல்லாமல் நான் விடுவதில்லை.

ஹீட்டர் ஹோஸை அடைப்பது

திருகோணமலையில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று பம்பின் சிறு வாயை மூடியிட்டு அடைத்துவிடுகிறார்கள். சில என்ஜின்களில், தெர்மோஸ்டாற் மூடியிருக்கும் நேரத்தில் நீர் சுற்றுவதற்கு இருக்கும் ஒரே பாதை அதுதான். அதை அடைத்தால் சூடான நீர் தெர்மோஸ்டாற்றுக்கு நேரத்தோடு போய்ச் சேராது. ஹீட்டரைக் கழற்றுங்கள். இரண்டு வாய்களையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

கசிவுத் துளையை அடைப்பது

அடைக்காதீர்கள். பம்புக்குள் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே சொட்டும். அது பம்ப் தன் சாவை அறிவிக்கும் வாய்.

மின்சாரப் பம்ப்

பழைய டைனமோவை வைத்துக்கொண்டே மின்பம்ப் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு: மைனரில் வரும் லூக்காஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 அம்பியர். என்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் வராது. போதாததற்கு அந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உலோக உடம்பில் கட்டப்பட்டிருக்கும். அதை மறந்து வயர் கொடுத்தால் விசிறி மோட்டாரும் தலைகீழாகச் சுற்றும்.

கிணற்றுத் தண்ணீர்

கடலோரக் கிணற்று நீர் அலுமினியப் பம்பை உள்ளிருந்தே அரிக்கும். எங்கள் பக்கத்து ஊருக்கு உப்புவெளி என்று பெயர் வைத்தவர் அன்றே சொல்லிவிட்டார்.

பாலையூற்றுத் தம்பிகளுக்கு இரண்டு வழிகள் சொன்னேன். அதே என்ஜினின் வீ பெல்ட் காலத்துப் பம்பைத் தேடுவது, அல்லது கொம்பிரசர் இருந்த இடத்தில் ஒரு வெற்றுப் புல்லியைப் பூட்டி, பழைய பெல்ட்டின் முதுகையே மறுபடி பம்புக்குக் கொடுப்பது. அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரோடு கந்தளாய்க்குப் போய்த் திரும்பி, முள்ளைக் காட்டுவதற்காகவே வந்திருந்தார்கள். முள் நடுவில் அசையாமல் நின்றது. என் கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கும் அந்தப் பழைய பம்பை இளையவன் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, விரலால் ஒரு பக்கமாகச் சுழற்றினான். பிறகு மறுபக்கம் சுழற்றினான்.