காட்டுலயும் ஏரிக்கரையிலயும் வாழ்ந்த வாழ்க்கைய எப்படி எழுதி வைக்கிறது

முப்பத்தோரு வருஷம் ஆளரவமில்லாத ஒரு ஏரிக்கரையில மரக்கேபின் போட்டு இருந்துட்டு, முட்டி ரெண்டும் ஒத்துழைக்காததால போன வருஷம் டவுனுக்கு வந்துட்டேன். வந்ததும் செஞ்ச முதல் வேலை, பழைய நோட்டெல்லாம் எடுத்து வெச்சுப் படிச்சதுதான். வருஷத்துக்கு ஒண்ணு, மொத்தம் முப்பத்தொண்ணு. பக்கத்துல வந்து உக்காந்த என் பேத்தி "தாத்தா, குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும் ஐஸ் மேல நடக்கலாமா கூடாதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டா. நோட்டுல எங்கயாவது எழுதியிருப்பேன்னு தேடறேன், "ரெண்டு மீன், 3 கிலோ", "மான் ஒண்ணு, கெடா", "பனி, வெளிய போகல", இப்படியேதான் பக்கம் பக்கமா போகுது. பிடிச்சதுக்கும் சுட்டதுக்கும் கணக்கு இருக்கு, எப்படி செஞ்சேங்கறதுக்கு ஒரு வரி கூட இல்ல. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அதெல்லாம் என் கையிலயும் கால்லயும் மட்டும்தான் இருக்கு, நான் போனா கூடவே போயிடும்.

அன்னையிலேர்ந்து முதல்லேர்ந்து எழுதிட்டு இருக்கேன். வேட்டை, மீன்பிடி, தனிக்கேபின்னு வாழ்ந்தவங்களும், அப்படி வாழ்ந்த அப்பாவோ தாத்தாவோ மாமாவோ வீட்ல இருக்கறவங்களும் இத எப்படி செய்யலாம்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டத சொல்றேன்.

"நான் பிறந்தது இன்ன வருஷம்"னு ஆரம்பிக்காதீங்க, பத்தாவது பக்கத்துல நின்னுடும், எனக்கு ரெண்டு தடவ நின்னுடுச்சு. சாமான்லேர்ந்து ஆரம்பிங்க. கத்தி, கோடாரி, தூண்டில் பெட்டி, பூட்ஸ், பழைய லைசென்ஸ், தோட்டா டப்பா எல்லாத்தையும் தரையில பரப்பி ஒவ்வொண்ணா கையில எடுங்க. என் மீன் கத்திய எடுத்தேன், வாங்கும்போது ரெண்டு விரல் அகலம் இருந்த பிளேடு இப்ப ஒரு விரல் கூட இல்ல, தீட்டித் தீட்டித் தேஞ்சிருக்கு. தேஞ்சதும் ஒரே மாதிரி இல்ல, நுனிப்பக்கம்தான் அதிகம், ஏன்னா முதுகெலும்ப ஒட்டி சதைய எடுக்கும்போது வேலை பூரா நுனிக்குத்தான். கைப்பிடியில கட்டவிரல் படற எடத்துல ஒரு குழி. அந்தக் குழியில விரல வெச்சதுமே எந்த மீன எப்படி வெட்டுவேன்னு கையே சொல்ல ஆரம்பிச்சிடுச்சு, அன்னைக்கு மட்டும் ஏழு பக்கம் எழுதினேன். வருஷம் ஞாபகம் வரலன்னா கவலைப்படாதீங்க, லைசென்ஸ்லயும் வேட்டை சீட்டுலயும் தேதி இருக்கும், அத ஆணி மாதிரி அடிச்சு வெச்சுட்டு மத்தத அது மேல மாட்டிக்கலாம்.

அடுத்தது, ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. "குளிர்காலம்"னு தலைப்பு போட்டா ஒண்ணும் வராது, "விறகு காஞ்சிடுச்சான்னு பாக்கறது"னு போட்டா வரும். நான் எழுதினத அப்படியே சொல்றேன். வெட்டின கட்டைய பொளந்து, தரையில படாம அடுக்கி, மேல மட்டும் மூடி பக்கவாட்டுல காத்துக்கு விட்டு குறைஞ்சது ஒரு வருஷம் வைக்கணும், ஓக் மாதிரி கெட்டி மரம்னா ரெண்டு வருஷம். காஞ்ச கட்டைக்கு முனையில நடுவுலேர்ந்து வெடிப்பு ஓடியிருக்கும், தூக்கினா எதிர்பார்த்ததவிட லேசா இருக்கும், ரெண்டு கட்டைய மோதினா "ணங்"னு கேக்கும், ஈரக்கட்டை "தொப்"புன்னு சொல்லும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ வரணும்னு மீட்டர் வெச்சிருக்கறவங்க சொல்வாங்க, நான் கடைசி அஞ்சு வருஷம்தான் மீட்டர் வெச்சிருந்தேன், அதுக்கு முன்னாடி காதுதான். ஈரக்கட்டைய எரிச்சா சூடும் வராது, புகை பைப்புக்குள்ள தார் மாதிரி கறுப்பா ஒட்டிக்கிட்டே வரும், ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

எனக்குப் பிடிச்சுது. ஒன்பதாவது வருஷம், விறகு பத்தாம பாதிக் காஞ்சத போட்டு ஓட்டிட்டு இருந்தேன். ராத்திரி பைப்புக்குள்ளேர்ந்து ரயில் வர்ற மாதிரி ஒரு சத்தம். அடுப்போட காத்து வர்ற எல்லா வழியையும் அடைச்சுட்டு கம்பளிய எடுத்துக்கிட்டு வெளிய பனியில நின்னு கூரையவே பாத்துட்டு இருந்தேன், தானா அடங்குச்சு, கூரை தப்பிச்சுது. இத நான் அந்த வருஷ நோட்டுல எழுதவே இல்ல, "புகைபோக்கி சுத்தம் பண்ணேன்"னு ஒரே வரி! வெக்கத்துல மறைச்சிருக்கேன். தயவுசெஞ்சு நீங்க அப்படி செய்யாதீங்க. அடுத்தவங்களுக்கு உங்க பெரிய மீன்கதையவிட இந்த மாதிரி தப்புதான் உபயோகம், எந்தத் தப்பு, ஏன் செஞ்சீங்க, எந்த அறிகுறிய பாத்தும் விட்டீங்கன்னு முழுசா எழுதுங்க.

ஐஸ் விஷயத்துக்கு நாலு பக்கம் எழுதினேன், பேத்தி கேட்ட கேள்வி ஆச்சே. கெட்டியான தெளிஞ்ச ஐஸ், உள்ள பாத்தா கறுப்பா தெரியும், அது 10 செ.மீ. இருந்தாத்தான் ஒரு ஆள் நடக்கலாம். வெள்ளையா பால் மாதிரி இருக்கறது பனி கலந்து உறைஞ்சது, அதுக்கு பாதி பலம்தான், அதனால ரெண்டு மடங்கு கனம் வேணும். ஓடை வந்து சேர்ற வாய், ஏரி குறுகற எடம், நாணல் நிக்கற எடம், இங்கெல்லாம் மத்த எடத்த நம்பி கணக்கு போடக்கூடாது, மேல பனி மூடியிருந்தா அது போர்வை மாதிரி இருந்து ஐஸ கனமாக விடாது. சும்மா பாத்து சொல்ல முடியாது, கரையிலேர்ந்து போகப் போக ஓட்டை போட்டு அளந்துக்கிட்டே போகணும். கழுத்துல ரெண்டு ஆணிக்கட்டை கயித்துல தொங்கணும், விழுந்தா அத ஐஸ்ல குத்தி இழுத்து மேல வர்றதுக்கு. விழுந்தவுடனே மூச்சு தாறுமாறா அடிச்சுக்கும், அந்த முதல் ஒரு நிமிஷம் தலைய மேல வெச்சுக்கிட்டு மூச்ச மட்டும் பாக்கணும், அதுக்கப்புறம் கை கால் சொன்னபடி கேக்கறது ஏறக்குறைய 10 நிமிஷம்தான். வந்த வழி ஐஸ் உங்கள தாங்கினது, அதனால அந்தப் பக்கமே திரும்பி, காலை உதைச்சு வயித்தால ஏறி, எந்திரிக்காம உருண்டே வரணும். இதெல்லாம் எனக்கு சொல்லிக் குடுத்த பெரியவர் கோடைக்காலத்துல புல்தரையில படுக்க வெச்சுப் பழக்கிவிட்டார், அதையும் எழுதினேன், ஏன்னா புல்லுல உருண்டுதான் எனக்கு அது உடம்புல ஏறுச்சு.

இறைச்சி, மீன் பத்தி எழுதும்போது எல்லாரும் சுட்ட நிமிஷத்தோட நிறுத்திடறாங்க, வேலையே அதுக்கப்புறம்தான். மிருகம் விழுந்ததும் வயித்த திறந்து, குடலும் மூத்திரப்பையும் கிழியாம வெளிய எடுத்து, உள்ள காத்து போற மாதிரி குச்சி வெச்சு விரிச்சு சூட்ட எறக்கணும், கெட்டுப் போறதுக்கு அந்தச் சூடுதான் காரணம். மீனுக்கு செவுள வெட்டி ரத்தம் வடிச்சு உடனே ஐஸ்ல. கரடி இறைச்சின்னா உள்ள 71 டிகிரி செல்சியஸ் வரைக்கும் வேகணும், குளிர்நாட்டு மிருகங்கள்ல இருக்கற சில டிரைக்கினெல்லா புழு ஃப்ரீசர்ல வெச்சாலும் சாகாது. குடிக்கற தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும், 2000 மீட்டருக்கு மேல இருந்தா 3 நிமிஷம். நம்பரெல்லாம் எழுதும்போது மட்டும் ஞாபகத்த நம்பாதீங்க, சரிபார்த்து எழுதுங்க, ஒருத்தர் உங்கள நம்பி அப்படியே செய்வாங்க.

விட்டுட்டு வந்த விஷயத்தையும் எழுதணும். பதினஞ்சு வருஷம் ஈயக்குண்டுதான் தூண்டில்ல கட்டினேன், அறுந்து அடியில கெடக்கறத தண்ணிப் பறவைங்க கூழாங்கல்லுன்னு நெனச்சு முழுங்கிட்டு விஷம் ஏறி சாகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு பறவை கழுத்த நிமித்த முடியாம கரையில உக்காந்திருந்தத கிட்டக்க பாத்தேன், காரணம் ஈயம்தானான்னு எனக்குத் தெரியாது, ஆனா அன்னைக்கே பெட்டியிலேர்ந்த ஈயத்த எல்லாம் எடுத்துட்டு எஃகுக்கு மாறினேன். அப்புறம் என் எடது காது. வலது தோள்ல துப்பாக்கி வெச்சு சுடறவங்களுக்கு குழல் முனைப்பக்கம் இருக்கறது எடது காது, அதான் முதல்ல போகும். காதடைப்பான் போடாம சுட்ட வருஷங்களுக்கு இப்ப பேத்தி எந்தப் பக்கம் உக்காந்து பேசறாங்கறதுதான் விலை. இதையும் எழுதியாச்சு.

எழுத வராத பெரியவங்ககிட்ட கேட்டு வாங்கறீங்கன்னா "உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. வலையையோ கத்தியையோ கையில குடுத்து "செஞ்சு காட்டுங்க"ன்னு சொல்லுங்க, செல்போன ஏரோபிளேன் மோட்ல போட்டு பக்கத்துல வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்க பேச்ச நிறுத்தினா நீங்க உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீங்க, பத்து எண்ணுங்க. நல்ல விஷயம் அந்த மௌனத்துக்கு அப்புறம்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

போட்டோவ 600 டிபிஐல ஸ்கேன் பண்ணிடுங்க, பின்னாடி பால்பென்னால எழுதினா முன்பக்கம் தடம் விழும், மெத்துனு இருக்கற பென்சில் போதும். பசை பக்கம் இருக்கற பழைய ஆல்பத்துல இருந்தா சீக்கிரம் பிரிச்சு எடுங்க. எல்லாத்துக்கும் மூணு காப்பி, அதுல ஒண்ணாவது வேற வீட்ல.

மீன் நல்லா கெடைக்கற எடத்த வீட்டாளுங்க நோட்டுல தாராளமா வரைபடம் போட்டு வைங்க, ஆனா வெளிய பகிரும்போது எடுத்துடுங்க, போட்டோவுக்குள்ள ஜிபிஎஸ் ஒளிஞ்சிருக்கும், அதையும் சேத்து. சின்ன ஏரிய காலி பண்ண ஒரு சீசன் போதும்.

கடைசியா, ஒரு நோட்டு கேபின்லயே கெடக்கட்டும். கதவுப் பக்கத்துல ஆணி அடிச்சு, கயித்துல பென்சிலோட தொங்க விடுங்க, பேனா வேணாம், குளிர்ல மை உறைஞ்சிடும். என் கேபினுக்கு இப்ப மகனும் பேத்தியும்தான் போறாங்க. போன வாரம் போயிட்டு வந்து அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, அவ கையெழுத்துல: "கரையிலேர்ந்து இருபது அடியில தெளிஞ்ச ஐஸ், 13 செ.மீ. ஓடை வாய்ப்பக்கம் 6. அங்க போகல. மீன் இல்ல."